சிப்பூர் வளாகமும் மானிடப் புலமையும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பல்கலைக்கழகங்களில் இலக்கியம், மொழி, வரலாறு, மெய்யியல் ஆகிய துறைகளின் இடம் யாது, அவற்றால் பொதுவாழ்வுக்கு விளையும் பயன் யாது என்னும் வினாக்கள் அண்மைக்காலத்தில் மிகுதியாக எழுப்பப்படுகின்றன. விடையளிக்க முற்படுவோர் பெரும்பாலும் கொள்கை நிலையிலேயே நின்றுவிடுகின்றனர். ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இத்துறைகள் செய்தவை எவை, செய்யத் தவறியவை எவை என்று காண்பது கூடுதல் தெளிவைத் தரும். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கல்கத்தாவுக்கு எதிரே அமைந்த ஹவுராவின் சிப்பூர் பகுதி இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமாகும். 1820இல் பன்மொழிக் கல்விக்கென எழுந்த ஒரு கல்லூரி வளாகம் 1880இல் பொறியியல் கல்லூரியின் கைக்கு மாறியதும், மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி 1890இல் பிறந்ததும் இங்கேதான். இவ்வரலாறு தமிழகத்தோடு கொண்டுள்ள தொடர்புகளும் பல. அவற்றை முன்வைத்து மானிடப் புலமையின் பணியை வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

1.1 சொல் பற்றிய குறிப்பு

இத்துறைகளைத் தொகுத்துக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. 'மானிடவியல்' என்பது மனித இனத்தின் தோற்றம், குலமரபு, வழக்கம் ஆகியவற்றை ஆராயும் துறைக்கே பெரிதும் வழங்குகிறது. 'கலைகள்' என்றால் இசையும் நாட்டியமும் நினைவுக்கு வருகின்றன. 'கலைப்புலம்' என்பது நிர்வாகப் பிரிவின் பெயராக மட்டும் நிற்கிறது. ஆதலின் இக்கட்டுரையில் 'மானிடப் புலமை' என்னும் தொடர் ஆளப்படுகிறது. சொல் நிலைபெறாமை வெறும் பெயரிடல் சிக்கல் அன்று. இத்துறைகள் தம்மை ஒரே புலமாக உணர்ந்து, சமுதாயத்திற்கு விளக்கிக்கொள்ளாமையின் அடையாளமாகவும் இதனைக் கொள்ளலாம்.

2. பிஷப் கல்லூரி: நோக்கமும் விளைவும்

கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான தாமஸ் பேன்ஷா மிடில்டன் 1820 டிசம்பரில் சிப்பூரில், தாவரவியல் பூங்காவை அடுத்த நிலத்தில், பிஷப் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அவர் வகுத்த நோக்கங்கள் நான்கு. கிறித்தவ இளைஞரைச் சமயப் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் பயிற்றுவித்தல், இந்து, இசுலாமிய மாணவர்க்குப் பயனுள்ள அறிவின் அடிப்படைகளையும் ஆங்கிலத்தையும் கற்பித்தல், திருமறையையும் வழிபாட்டு நூல்களையும் அறநூல்களையும் மொழிபெயர்த்தல், இங்கிலாந்திலிருந்து வரும் சமயப் பணியாளரை வரவேற்று நாட்டு மொழிகளைக் கற்கச் செய்தல் என்பன அவை. ஒரு கல்லூரியின் நிறுவன நோக்கங்களுள் மொழிபெயர்ப்பு தனித்து எண்ணப்பட்டிருப்பது மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

இக்கல்லூரி சமயப் பரப்புதலுக்காகவே தோன்றியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மானிடப் புலமை இங்கே ஒரு கருவியாகவே வரவேற்கப்பட்டது. ஆயினும் கிரேக்கம், இலத்தீன், எபிரேயம், சமற்கிருதம், வங்காளம் ஆகிய மொழிகள் ஒரே கூரையின்கீழ் பயிலப்பட்டபோது, நிறுவியோர் எதிர்பாராத விளைவுகள் தோன்றின. அவற்றுள் மூன்று இங்கு ஆராயத்தக்கவை.

2.1 கலைச்சொல் சீர்மை

கல்லூரியின் முதல் முதல்வர் வில்லியம் ஹாட்ஜ் மில் 1820 முதல் 1838 வரை பொறுப்பிலிருந்தார். இயேசுவின் வாழ்வைச் சமற்கிருதச் செய்யுளில் 'கிறிஸ்த சங்கீதா' என்னும் பெயரால் பாடியவர் அவர். இந்திய மொழிகளில் திருமறை மொழிபெயர்ப்பில் ஒருமைப்பாடு வேண்டி, சமயக் கலைச்சொற்களுக்கான சமற்கிருத வடிவங்களை முன்மொழிந்து 1828இல் ஒரு நூல் வெளியிட்டார். கல்லூரியின் சொந்த அச்சகத்தில் அச்சான இந்நூலில், சமற்கிருத அறிஞர் ஹொரேஸ் ஹேமன் வில்சனின் கருத்துரைகளும் இடம்பெற்றன.

மில் எதிர்கொண்ட சிக்கல் இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கும் புதிதன்று. ஒரு கருத்தைக் குறிக்க நாட்டில் முன்பே வழங்கும் சொல்லை எடுத்தால், அச்சொல்லோடு ஒட்டிய பழைய பொருளும் உடன் வரும். மூலமொழிச் சொல்லையே ஒலிபெயர்த்தால் கேட்பவர்க்குப் பொருள் விளங்காது. புதுச்சொல் படைத்தாலோ அது வழக்கில் ஊன்ற நெடுங்காலம் ஆகும். தமிழில் இறைவனைக் குறிக்கக் கிறித்தவர் கையாண்ட சொற்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். கத்தோலிக்க மரபில் 'சர்வேசுரன்' வழங்கியது. பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'தேவன்' என்பதை நிலைபெறச் செய்தது. 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பு 'கடவுள்' என்பதை ஏற்றது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் இருப்பது வெறும் அகராதித் தேர்வன்று. யாருடைய மொழியில், யாரை நோக்கிப் பேசுகிறோம் என்னும் முடிவே அது.

மில்லின் தீர்வு சமற்கிருதத்தைப் பொதுமூலமாகக் கொள்வது. வங்காளம், இந்தி, மராத்தி முதலியவற்றிற்கு ஓரளவு பொருந்தும் இத்தீர்வு தமிழுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. இவ்வழக்கு சமயத்துறையோடு முடியவும் இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தபோதும், 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டபோதும், அதன் பின்னர் எழுந்த கலைச்சொல் விவாதங்களிலும் இதே வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. பொதுமைக்காகச் சமற்கிருத அடியை ஏற்பதா, விளக்கத்திற்காகத் தமிழ் அடியை நாடுவதா என்னும் வினா அது. அறிவியல் நூல் எழுதுவோர் இவ்வினாவை எழுப்பினும், விடை காண்பது மொழிப் புலமையின் பணியாகவே இருந்துவந்துள்ளது.

2.2 கல்வெட்டும் காஞ்சியும்

அலகாபாத் தூணிலுள்ள சமுத்திரகுப்தன் மெய்க்கீர்த்தியை டிராயர் ஓரளவு படித்து வெளியிட்ட 1834ஆம் ஆண்டிலேயே, மில் அதனைக் கூடுதலாகப் படித்து வங்காள ஆசியவியல் கழக இதழில் விளக்கம் எழுதினார். அவர்தம் வாசிப்பில் குறைகள் இருந்தன. பிரின்செப் 1837இலும், பிளீட் 1888இலும் அவற்றைத் திருத்தினர். சமுத்திரகுப்தனின் தென்திசைப் படையெடுப்பில் தோற்று விடுவிக்கப்பட்ட அரசருள் காஞ்சியின் விஷ்ணுகோபன் பெயர் அம்மெய்க்கீர்த்தியில் காணப்படுகிறது. முற்காலப் பல்லவர் காலத்தைக் கணிக்க நான்காம் நூற்றாண்டில் ஒரு பிடிப்பு இதனால் கிடைத்தது.

இங்குக் கவனிக்க வேண்டியது வேலையின் முறை. ஒருவர் படித்தார், மற்றவர் திருத்தினார், மூன்றாமவர் முழுமை செய்தார். ஐம்பதாண்டுக்கு மேல் நீண்ட இத்தொடர்பணியில் முதல் வாசிப்பின் பிழையும் ஒரு படியாகவே அமைந்தது. மானிடப் புலமையின் ஆய்வுகள் திருத்தத்திற்கு இடமற்ற தனிக்கருத்துகள் என்று கூறுவோர் இத்தகைய வரலாற்றை நோக்கவேண்டும்.

இதே காலத்தில் கல்கத்தாவில் தமிழ்ச் சுவடிகளும் கைமாறிக்கொண்டிருந்தன. தென்னாட்டில் காலின் மெக்கன்சி திரட்டிய தொகுப்பு, அவர் தலைமை நில அளவையாளராகப் பணியேற்று வடக்கே சென்றபோது உடன் சென்றது. 1821இல் அவர் மறைந்த பின்னர் வில்சன் அதற்கு விளக்க அட்டவணை தயாரித்து 1828இல் வெளியிட்டார். தென்மொழிச் சுவடிகள் பின்பு சென்னைக்குத் திரும்பின. ஆற்றின் இரு கரைகளிலும் நடைபெற்ற இப்பணிகள் தென்னக வரலாற்றுக்குரிய மூலங்களை ஒழுங்குபடுத்தியதில் பங்கு பெற்றன.

2.3 இரு மாணவர்

கிருஷ்ண மோகன் பானர்ஜி (1813-1885) டெரோசியோவின் வட்டத்தைச் சேர்ந்தவர். 1832இல் கிறித்தவரானார். பிஷப் கல்லூரியில் இறையியல் பயின்று, 1852 முதல் 1868 வரை அங்கேயே பேராசிரியராக விளங்கினார். 'வித்யாகல்பத்ருமம்' என்னும் பதின்மூன்று தொகுதி கொண்ட கலைக்களஞ்சிய வரிசையை 1846க்கும் 1851க்கும் இடையே வங்காளத்திலும் ஆங்கிலத்திலுமாக வெளியிட்டார். வரலாறு, வடிவியல், நிலநூல் முதலியவற்றைத் தாய்மொழி வாயிலாகப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி அது. முதுமையில் இந்தியச் சங்கத்தின் தலைவராகவும் பொதுப்பணி ஆற்றினார். நாட்டுமொழி இதழ்களைக் கட்டுப்படுத்த 1878இல் வந்த சட்டத்தை எதிர்த்தோர் வரிசையிலும் அவர் நின்றார். தாய்மொழி உரைநடையை வளர்த்தவர் தாய்மொழி இதழ்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தது இயல்பான வளர்ச்சியே.

மற்றவர் மைக்கேல் மதுசூதன் தத் (1824-1873). இந்துக் கல்லூரியில் பயின்ற அவர் 1843இல் கிறித்தவராகி, 1844இல் பிஷப் கல்லூரியில் சேர்ந்தார். கிரேக்கம், இலத்தீன், சமற்கிருதம் ஆகியவற்றில் அங்கே பயிற்சி பெற்றார். ஐரோப்பிய மாணவர்க்கும் இந்திய மாணவர்க்கும் உடையில் காட்டப்பட்ட வேறுபாட்டை ஏற்க மறுத்து அவர் முரண்பட்டதை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். மானிட சமத்துவம் பேசும் நூல்களைக் கற்பித்த கல்லூரியே அச்சமத்துவத்தை வழங்கத் தயங்கியது. பாடத்திற்கும் நிறுவனத்திற்கும் இடையே இருந்த இம்முரணை மாணவர் உணர்ந்ததும் பாடத்தின் பயனே எனலாம்.

1848 தொடக்கத்தில் மதுசூதன் சென்னைக்கு வந்து, ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியில் ஆசிரியரானார். இதழ்ப்பணியும் செய்தார். 1856 வரை சென்னையில் வாழ்ந்தார். 1849இல் தம் நண்பர் கௌர்தாஸ் பைசாக்குக்கு எழுதிய மடலில், நாள்தோறும் பல மணி நேரம் தமிழ் பயில்வதாகக் குறிப்பிடுகிறார். எபிரேயம், கிரேக்கம், தெலுங்கு, சமற்கிருதம், இலத்தீன், ஆங்கிலம் எனப் பகுத்த தம் அன்றாட நேர அட்டவணையையும் தருகிறார். இவையெல்லாம் தம் முன்னோர் மொழியை அணிசெய்வதற்கான ஆயத்தமே என்பது அவர் கூற்றின் சாரம். அவ்வாண்டில் அவருடைய ஆங்கிலக் காவியம் சென்னையில் வெளிவந்தது. அதனைக் கண்ட பெத்யூன், தாய்மொழியில் எழுதுமாறு அறிவுரை கூறினார். வங்கத்துக்குத் திரும்பிய மதுசூதன் 1861இல் 'மேகநாதவத காவியம்' இயற்றி, எதுகைக் கட்டற்ற செய்யுளை வங்காளத்தில் நிலைநாட்டினார். பிறமொழிப் பயிற்சி தாய்மொழிக்குப் பகை என்னும் கருத்துக்கும், பிறமொழியே போதும் என்னும் கருத்துக்கும் ஒருங்கே விடையாக இவ்வாழ்வு அமைகிறது.

3. 1880: வளாகத்தின் மாற்றம்

பிஷப் கல்லூரி எதிர்பார்த்த அளவில் மாணவரை ஈர்க்கவில்லை. கல்கத்தா நகரிலிருந்து ஆற்றால் பிரிக்கப்பட்டிருந்ததும் ஒரு குறையே. 1854இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதை, பாலம், கால்வாய், ஆலை என விரிந்த தேவைகள் பொறியாளரை வேண்டின. 1856இல் கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்தில் தொடங்கி, பின்னர் மாநிலக் கல்லூரியோடு இணைந்திருந்த பொறியியல் பிரிவு, 1880இல் பிஷப் கல்லூரியின் சிப்பூர் வளாகத்துக்கு இடம் மாறியது. பிஷப் கல்லூரி கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. சிப்பூர்க் கல்லூரி பின்னாளில் வங்காளப் பொறியியல் கல்லூரி எனப் பெயர் பெற்று, 2014இல் இந்தியப் பொறியியல் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாயிற்று.

இம்மாற்றத்தை மானிடப் புலமையின் வீழ்ச்சி என்று புலம்புவது பொருந்தாது. 1823இலேயே இராம்மோகன் ராய், ஆளுநர் ஆம்ஹர்ஸ்டுக்கு எழுதிய மடலில், சமற்கிருதக் கல்லூரிக்கு மாற்றாகக் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கும் கல்வியை வேண்டினார். அவரே உபநிடதங்களை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தவர். பழநூற் புலமையை அவர் மறுக்கவில்லை. அதனை அரசு ஊதியத்தில் உயிரற்ற மனப்பாடமாக நிலைநிறுத்துவதையே மறுத்தார். இவ்வேறுபாட்டை உணராது அவரை ஒரு தரப்புக்கு மட்டும் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

மெய்யான இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. ஒரே வளாகத்தில் இருந்த அச்சகம், மொழிபெயர்ப்பு, பன்மொழிப் பயிற்சி ஆகியவற்றின் இணைப்பு அறுந்தது. பட்டம், தேர்வு, அரசுப்பணி என்னும் வரிசையே பல்கலைக்கழகக் கல்வியின் இலக்காயிற்று. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. கல்கத்தாவின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான பங்கிம் சந்திரர் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். ஹவுராவிலும் பணிபுரிந்தார். சென்னையின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை நீதித்துறையில் பணிபுரிந்தவாறே வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். இருவருடைய இலக்கியப் பணியும் அலுவல் நேரத்திற்குப் புறம்பே நிகழ்ந்தது. பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் தந்தது. நாவலும் பதிப்பும் அதன் பாடத்திட்டத்தின் விளைவாக எழவில்லை. பதிப்பும் மொழிபெயர்ப்பும் ஆய்வுக்குரிய பல்கலைக்கழகப் பணிகள் என்னும் ஏற்பு பின்னரே வந்தது. கல்கத்தாவில் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1919இல் இந்திய நாட்டுமொழிகளுக்கு முதுகலைப் படிப்பு தொடங்கியது இவ்வகையில் ஒரு திருப்புமுனை.

4. சுநீதி குமார் சாட்டர்ஜி: புலமையும் பொதுவாழ்வும்

சிப்பூரில் 1890 நவம்பர் 26இல் பிறந்த சுநீதி குமார் சாட்டர்ஜி, 1921இல் இலண்டனில் ஆய்வுப்பட்டம் பெற்று, 1922இல் கல்கத்தாவில் இந்திய மொழியியல், ஒலியியல் பேராசிரியரானார். வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய அவருடைய பெருநூல் 1926இல் வெளிவந்தது. ஆரிய மொழியொன்றின் வரலாற்றை எழுதிய அவர், அதனுள் திராவிடக் கூறுகளைத் தேடிக் கண்டார். வங்கச் செப்பேடுகளின் ஊர்ப்பெயர்கள், வினைத்தொடர் அமைப்பு, எதிரொலிச் சொற்கள் ஆகியன அவர் சுட்டிய சான்றுகளுள் சில. வங்காளத்தின் 'கோடா டோடா' என்பதைத் தமிழின் 'குதிரை கிதிரை' என்பதோடு அவர் ஒப்பிட்டது பலரறிந்ததே. தம் மொழியின் தூய்மையை நிறுவுவதைவிட அதன் கலப்பை விளக்குவதே மொழிநூலின் கடமை என்னும் நோக்கு அவர் எழுத்தில் இழையோடுகிறது. 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய திராவிடவியல் சொற்பொழிவுகள் இந்நோக்கின் தொடர்ச்சி.

அவர் வகுப்பறைக்குள் மட்டும் நிற்கவில்லை. 1952 முதல் மேற்கு வங்கச் சட்ட மேலவையின் தலைவராகப் பணியாற்றினார். 1955இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினரானார். 1956இல் ஆணையம் அளித்த அறிக்கையில் இருவர் மாறுபட்ட கருத்துரை எழுதினர். ஒருவர் சாட்டர்ஜி. மற்றவர் சென்னையைச் சேர்ந்த ப. சுப்பராயன். விரைந்து இந்தியைப் புகுத்தினால் குடிமக்கள் இரு வகுப்பினராகப் பிரிவர், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் முதல் வகுப்பினராகவும் பிறர் இரண்டாம் வகுப்பினராகவும் ஆவர் என்பது சாட்டர்ஜியின் அச்சம். முற்காலத்தில் ரோமன் எழுத்தில் எழுதப்படும் எளிய இந்தியைப் பொதுமொழியாக ஆதரித்தவர் அவர் என்பதை நினைவிற்கொண்டால், இம்மாறுபாட்டின் எடை விளங்கும். அவர் எதிர்த்தது இந்தியை அன்று, ஒரு மொழிக்கு அரசாணையால் தரப்படும் மேலிடத்தையே.

பின்னர் நிகழ்ந்தவை தமிழ் வாசகர் அறிந்தவை. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்னும் பொருள்பட்ட துணைவினை இடம்பெற்றது. 'தொடரும்' என்று உறுதியாக எழுத வேண்டும் என்று தமிழகத் தலைவர்கள் வாதிட்டனர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று பிரதமர் நேரு கூறினார். 1965இல் தமிழகத்தில் போராட்டம் வெடித்து உயிர்கள் மாண்டன. 1967ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு ஒன்றிய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என உறுதிச்சொல்லால் விதித்தது. ஒரு துணைவினையின் பொருள்வரம்பு ஒரு நாட்டின் பொதுவாழ்வைக் குலுக்கிய நிகழ்ச்சி இது. இலக்கண நுட்பம் ஏட்டுச்சுவடியோடு முடிவது என்று கருதுவோர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

சாட்டர்ஜியின் கருத்துரை ஆணையத்தின் பெரும்பான்மை முடிவை மாற்றவில்லை. ஆயினும் ஆவணத்தில் பதிவாகி நின்றது. பொதுவாழ்வில் புலமையின் வெற்றி உடனடி முடிவில் மட்டும் அளக்கப்படுவதன்று. பின்வருவோர் எடுத்தாளத்தக்க தெளிவான சொற்களில் ஒரு மாற்றுக் கருத்தை விட்டுச்செல்வதும் ஒரு பணியே. அவ்வகையில் எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல்தொகுப்பு கல்கத்தா தேசிய நூலகத்தில் காக்கப்பட்டுவருவதும் நினைக்கத்தக்கது. ஒரு தமிழறிஞரின் வாழ்நாள் தேட்டம் ஹூக்ளிக் கரை நகரில் ஆய்வாளருக்குக் காத்திருக்கிறது.

5. முடிவுரை

சிப்பூர் வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மானிடப் புலமையை நிறுவுவோரின் நோக்கமும் அதனால் விளையும் பயனும் ஒன்றாக இருப்பதில்லை. போதகரைப் பயிற்றுவிக்க எழுந்த கல்லூரி, ஒரு கவிஞரையும் ஒரு கலைக்களஞ்சிய ஆசிரியரையும் ஒரு கல்வெட்டு வாசிப்பையும் விட்டுச்சென்றது. ஆதலின் உடனடிப் பயனை மட்டும் கணக்கிட்டு இத்துறைகளை அளப்பது அளவுகோலின் குறையாகும்.

இரண்டாவது, இத்துறைகள் பயன் தந்த இடங்களிலெல்லாம் மொழிபெயர்ப்பு, கலைச்சொல்லாக்கம், பதிப்பு, மூலபாட வாசிப்பு ஆகிய கைவினைகள் நடுவில் இருந்தன. இவற்றைத் துணைப்பணிகளாக ஒதுக்கிவிட்டு, மானிடப் புலமை பண்பாட்டை வளர்க்கிறது என்று பொதுவாகக் கூறுவது யாரையும் நம்பச் செய்யாது. மொழிபெயர்த்த நூலும் பதிப்பித்த சுவடியும் ஆய்வேட்டுக்கு நிகராகப் பல்கலைக்கழகங்களில் மதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பொறியியலும் மானிடப் புலமையும் பகைத் துறைகள் அல்ல. 1948-49ஆம் ஆண்டின் இராதாகிருஷ்ணன் ஆணையம் எல்லா மாணவர்க்கும் பொதுக்கல்வியை வலியுறுத்தியது இவ்வுணர்வாலேயே. இன்று சிப்பூர் நிறுவனத்திலும் மானிடப் புலங்கள், சமூக அறிவியல் துறை ஒன்று இயங்குகிறது. 1880இல் வெளியேறியது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது எனலாம். அத்தகைய துறைகள் பொறியியல் மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சுப்பயிற்சி தரும் இடமாக மட்டும் சுருங்கிவிடாமல், தொழில்நுட்பச் சொற்களை நாட்டு மொழிகளில் ஆக்கும் பணியிலும், பாலமும் அணையும் எழும் ஊர்களின் மக்களோடு அவர்தம் மொழியில் உரையாடும் பணியிலும் பங்கேற்க வேண்டும். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் முன்வந்து ஏற்க வேண்டிய பொறுப்பு இது. மில் 1828இல் தொட்ட சொற்சிக்கலும், சாட்டர்ஜி 1956இல் எச்சரித்த மொழிச்சிக்கலும் இன்னும் முடிவடையாத பணிகளாகவே நம்முன் உள்ளன.